காற்று வரும் பக்கம்

முருகன் துணை

தியாகராய நகர்
6-1-75

லூயிசா டீச்சர் அவர்களுக்கு, ஒன்பதாம் வகுப்பு சீதாவோட அப்பா வெள்ளைத்துரை எழுதுதது.

எனக்கு உங்களை மாதிரி எழுத வராது. பொங்கல் யாவாரம் நடக்குது, துணி கிழிக்கிற சத்தத்துக்கு நடுவுல உக்காந்து எழுதுதேன். நேரா விஷயத்துக்கு வாரேன். நேத்து ஞாயித்துக்கிழமை விடியக்காலம் என் மகளை அடையாறு முகத்துவாரத்துக்கு எதுக்குக் கூட்டிட்டுப் போனீங்க? பறவை பார்க்கப் போறோம், டீச்சர் கூட வாராங்கன்னு சொன்னா. பள்ளிக்கூட விஷயம், நல்லதுதானேன்னு அனுப்பினேன்.

பறவை பார்த்திட்டு வந்த பிள்ளையோட புஸ்தகப் பையில செத்த தாரா இருந்துது டீச்சரம்மா, காட்டு வாத்து. ரத்தம் காயல. பையை நடுவீட்டுல போட்டுட்டு குளிக்கிற ரூமுக்குள்ள போயித் தாப்பாள் போட்டவதான். அவ அம்மை முத்துலட்சுமி அந்தப் பையைத் திறந்து பார்த்து அலறின அலறல்ல அசோக் நகர்ல எங்க தெருவே கூடிட்டு. நேத்துலருந்து பிள்ளை வாயில பச்சைத் தண்ணி படல.

கேட்டுக் கேட்டு ஒரு வழியா விஷயத்தை வாங்கினோம். ஜீப்புல வந்த ஒரு ஆள், கையில துப்பாக்கி, "நல்லா விரட்டினே பாப்பா, இது உன் பங்கு"ன்னு சொல்லி அந்தத் தாராவைக் கையில குடுத்தானாம். யாரு வீட்டுப் பொண்ணுன்னு கேட்டானாம். இந்தக் கோட்டி மூதேவி என் பேரு, கடைப் பேரு, கடை இருக்க தெரு எல்லாத்தையும் ஒப்பிச்சிட்டு வந்திருக்கா. அந்த நேரம் நீங்க எங்க இருந்தீங்க?

துப்பாக்கி வச்சிருக்கவனுக்கு என் கடை எதுக்குத் தெரியணும்? இனிமே சீதா ஞாயித்துக்கிழமை எங்கயும் வரமாட்டா. அந்த ஆளு யாருன்னு உங்களுக்குத் தெரிஞ்சா எழுதுங்க.

இப்படிக்கு
வெள்ளைத்துரை


சேசு மரி சூசை

சாந்தோம்
7-1-75

மதிப்புக்குரிய ஐயா,

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் "எங்கே இருந்தீர்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள், அதற்கு நான் பதில் சொல்லியே ஆக வேண்டும். நூறு அடி தள்ளி, அழுதுகொண்டிருந்த இரண்டு குழந்தைகளைத் தேற்றிக்கொண்டிருந்தேன். அந்த மனிதர் போகும்போது எனக்கும் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொன்னார். நானும் பழக்க தோஷத்தில் திருப்பிச் சொல்லிவிட்டேன். அதை நினைத்து நேற்று முழுவதும் என் மேல் எனக்கே எரிச்சல்.

எங்கள் பறவைச் சங்கம் சென்ற அக்டோபரில் ஆரம்பித்தது. மழைக்கு முன்னால் தும்பிகள் கூட்டமாக வந்தனவே, அப்போது பிள்ளைகள் பிடித்து வாலில் நூல் கட்டிக் கல் தூக்க விட்டார்கள். எங்கிருந்தோ இவ்வளவு தூரம் பறந்து வந்த உயிருக்கு இதுவா மரியாதை என்று கேட்டேன். வேறொன்றும் சொல்லவில்லை. மறுநாள் சீதா தானாகவே மற்றப் பெண்களின் கையிலிருந்து நூலைப் பிடுங்கினாள். பிறகு முகத்துவாரத்துக்குப் போக ஆரம்பித்தோம். அங்கே ஊரூர் குப்பத்துப் பிள்ளைகள் கண்ணி வைத்து உள்ளான் குருவி பிடித்துக்கொண்டிருந்தார்கள். அதில் கெட்டிக்காரி காசியம்மா என்று ஒரு பெண். "இன்னா டீச்சர், உள்ளானத் துன்னாம சும்மா பாத்துக்கினு இருக்கிறதுக்கா இவ்ளோ தூரம் வர்றீங்க" என்று சிரித்தவள், இப்போது கண்ணி வைக்கிறவர்களை அவளே திட்டித் துரத்துகிறாள். சீதாவும் அவளும் இணைபிரியாத தோழிகள்.

டிசம்பரிலிருந்து ஜீப் வருகிறது. இப்போதுதான் சட்டம் வந்திருக்கிறது, சுடக்கூடாது என்று. ஜீப்புக்கு அது தெரியாது போலிருக்கிறது. அவர் யார் என்று எனக்கும் தெரியாது. குப்பத்தில் கேட்டால் "பெரிய இடம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார்கள்.

துப்பாக்கி வருவதற்கு முன் தகரம் தட்டித் தாராக்களைக் கிளப்பிவிடலாம் என்பது சீதாவின் யோசனை. கடலோர மணல் திட்டில் நின்று தட்டினோம். கிளம்பிய கூட்டம் நேரே எதிர்ப்பக்கக் கோரைப் புதருக்கு மேலே போனது. அவர் கோரைக்குள்தான் இருந்தார். நாங்களே ஓட்டிக் கொடுத்ததுபோல் ஆகிவிட்டது.

தகரம் தட்டும் வித்தையை எங்கே கற்றாய் என்று சீதாவைக் கேட்டேன். அப்பா சொன்னார் என்றாள்.

தங்கள்
லூயிசா


முருகன் துணை

தியாகராய நகர்
9-1-75

டீச்சரம்மாவுக்கு,

உங்க கடுதாசியைப் படிச்சிட்டு கல்லாவுல இருந்து எந்திரிச்சுப் போயி ஒரு சோடா குடிச்சேன்.

ஆமா, நான்தான் சொன்னேன். சின்னப் பிள்ளையா இருக்கையில சோளக்காட்டுல பரண்ல உக்காந்து தகரம் தட்டினவன் நான். கதையாச் சொன்னேன், பிள்ளை சோறு திங்கணும்னு. அது ஒண்ணும் சொகமான வேலை இல்ல. ஒரு கதிர் குறைஞ்சா முதுகுத்தோலு உரியும். அந்த எழவே வேண்டாம்னுதான் பட்டணத்துக்கு ஓடியாந்து துணி மடிச்சேன். நான் வேண்டாம்னு விட்டுட்டு வந்ததை எம்மகள் எடுத்துக்கிட்டா.

முந்தாநாள் வரைக்கும் சீதா சாப்பிடல. ஒரே ஒரு கேள்விதான் கேட்டுக்கிட்டே இருந்தா. "ஏன்ப்பா எல்லாம் அந்தப் பக்கமே போச்சு?" சனியன் பிடிச்ச கேள்வி. பதில் சொன்னாத்தான் சாப்பிடுவான்னு தெரிஞ்சு போச்சு. கடைக்குக் கூட்டிட்டு வந்து, துணி அளக்குத மேசையில சாக்குக்கட்டியால ஆத்தை வரைஞ்சு காட்டினேன். விடியக்காலம் காத்து தரையிலருந்து கடலுக்குப் போவும். பறவை எப்பவும் காத்துக்கு எதிரா முகத்தை வச்சுத்தான் எழும்பும். நீங்க கடல் பக்கம் நின்னு தட்டினா அது கோரைக்கு மேலதான் போவும், வேற எங்க போவும்? காத்து வர்ற பக்கம் நீங்க நிக்கணும். எழும்பின உடனே முன்னால சத்தம் கேட்டா மிரண்டு திரும்பிக் கடலுக்குப் போயிரும். விரட்டுதது பெரிய காரியம் இல்ல டீச்சரம்மா. பயந்தது எந்தப் பக்கம் ஓடும்னு தெரிஞ்சு விரட்டணும், அதுதான் வேலை.

சொல்லி முடிச்சதும் ரெண்டு இட்லி தின்னா. அப்புறம் இன்னும் ரெண்டு.

மேசை ஓரத்துலயே நின்னு "ஒரே ஒரு தடவைப்பா"ன்னா. அவ அம்மை என்னைய முறைச்சா. பொங்கல் கழிஞ்சு ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை அனுப்புதேன். நீங்க அவ கையைப் பிடிச்சிட்டே நிக்கணும், விடக்கூடாது. அந்த ஆளு வந்தா பேச்சுக் குடுக்காம வந்திரணும்.

வெள்ளைத்துரை


கண் ஆஸ்பத்திரி வராந்தா
19-1-75, ஞாயிறு மத்தியானம்

ஐயா,

சீதாவுக்கு ஒன்றுமில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன். சீதாவுக்கு ஒன்றுமில்லை. டாக்ஸியில் தனியாக ஏற்றி அனுப்பினேன், மன்னியுங்கள், கூட வர முடியவில்லை. இந்நேரம் வந்திருப்பாள். பாவாடையில் இருப்பது அவள் ரத்தம் இல்லை.

காசியம்மாவுடையது.

நீங்கள் சொன்னபடியே காற்று வரும் பக்கம் நின்றோம். கோரைக்கு முன்னால். ஜீப் இன்னும் வரவில்லை என்று நினைத்தோம். அதைத் தூரத்தில் நிறுத்திவிட்டு அவர் எங்களுக்கு முன்பே வந்து உள்ளே உட்கார்ந்திருந்தார், எங்கள் முதுகுக்குப் பின்னால். தட்டினோம். தாராக்கள் எழும்பின, எங்களைப் பார்த்ததும் அப்படியே திரும்பிக் கடல் மேல் போய்விட்டன. ஒன்றுகூட மிச்சமில்லாமல். பிள்ளைகள் குதித்தார்கள். காசியம்மா கோரைப் பக்கம் திரும்பி, தகரத்தைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினாள்.

வெடி அதற்குப் பிறகுதான் கேட்டது. வானத்தில் ஒரு பறவைகூட இல்லை ஐயா. நான் பார்த்தேன். வானம் காலியாக இருந்தது.

அவர் எழுந்து நடந்து போய் ஜீப்பில் ஏறினார். ஓடவில்லை. நடந்துதான் போனார்.

இடது கண் என்கிறார்கள். சின்ன ரவைகள், முகமெல்லாம். டாக்டர் உள்ளே இருக்கிறார். அவள் அம்மா தரையில் உட்கார்ந்திருக்கிறாள், அழக்கூட இல்லை. காசியம்மாவைத் தூக்கத்தான் சீதாவின் கையை விட்டேன். அதுவரைக்கும் விடவில்லை.

லூயிசா


தியாகராய நகர்
21-1-75

டீச்சரம்மாவுக்கு,

இந்தக் கடுதாசியைப் படிச்சதும் கிழிச்சிருங்க.

அந்த ஆளு இன்னைக்குக் கடைக்கு வந்தான். சம்சாரத்தோட வந்தான். நல்ல வெள்ளை வேட்டி சட்டை, நெத்தியில திருநீறு, பார்த்தா கோயில் தர்மகர்த்தா மாதிரி இருந்தான். எனக்கு ஆளு தெரியாது. பட்டு எடுத்துப் போடச் சொன்னான். ஒவ்வொண்ணா விரிச்சுக் காட்டுதேன், அவன் சேலையைப் பார்க்காம என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டிருந்தான். "வீடு அசோக் நகராமே அண்ணாச்சி. பொண்ணு கெட்டிக்காரி"ன்னான். அப்பத்தான் எனக்கு விளங்கிச்சு. அப்புறம் சேலையைத் தடவிக்கிட்டே சொல்லுதான், "பனிக்காலத்துல காலங்காத்தால பிள்ளைங்கள வெளிய அனுப்பாதீங்க. கண்ணுக்கு ஆகாது."

அவன் பேரம் பேசல. நானே விலையைக் குறைச்சேன். என் வாய் தானாக் குறைச்சுது. பில் போடுத இசக்கிமுத்து என்னையப் பார்த்த பார்வை இருக்கே, செத்தாலும் மறக்கமாட்டேன். அவங்க போன பெறகு மெத்தையில உக்காந்தவன் மத்தியானம் வரைக்கும் எந்திரிக்கல.

வீட்டுக்குப் போயி சீதா பெட்டியைக் குடைஞ்சேன். ஜாமெட்ரி பாக்ஸுக்குள்ள சிவப்பா ஒரு குழாய், அடியில பித்தளை. சுட்ட தோட்டா. கோரைக்குள்ள கிடந்ததை எடுத்துட்டு வந்திருக்கா. டாக்ஸியில வீடு வந்து சேருத வரைக்கும் கைக்குள்ளயே மூடி வச்சிருந்திருக்கா.

உங்களைக் கையெடுத்துக் கும்பிடுதேன். யாரு கேட்டாலும் அன்னைக்கு சீதா அங்கன வரலன்னு சொல்லிருங்க. ஒரே பிள்ளை டீச்சரம்மா.

வெள்ளைத்துரை


சாந்தோம்
22-1-75

ஐயா,

உங்கள் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். அதிலிருந்தது போகவில்லை.

காசியம்மாவின் இடது கண்ணை நேற்று எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்ததும் அவள் என்னைக் கேட்ட முதல் கேள்வி, "தாராலாம் கடலுக்குப் போய்ச்சா டீச்சர்?" போய்விட்டன என்றேன். "அல்லாமேவா?" எல்லாமே என்றேன். சிரித்தாள். கட்டுப் போட்ட முகத்தோடு சிரித்ததைப் பார்க்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன்.

ஸ்டேஷனில் என்ன எழுதி வைத்திருக்கிறார்கள் தெரியுமா? பொங்கல் வெடி வெடித்து முகத்தில் பட்டதாம். குப்பத்துப் பெண் வெடி வைத்து விளையாடினாள், முடிந்தது கதை. அவள் அம்மா கைநாட்டு வைத்திருக்கிறாள். ஏன் வைத்தாய் என்றால், "ஜீப்போட நாம மல்லுக்கட்ட முடியுமா டீச்சர், நாளைக்கு என் வூட்டுக்காரு கடலுக்குப் போவணுமா வேணாமா" என்கிறாள்.

மற்றப் பிள்ளைகள் வெடிச் சத்தம் கேட்டதும் குப்புறப் படுத்துவிட்டார்கள். அவர் முகத்தைப் பார்த்தவர்கள் நானும் சீதாவும்தான். சீதா கையில் தோட்டாவும் இருக்கிறது. நான் தனியாகப் போய்ச் சொன்னால், கல்யாணமாகாத வாத்தியாரம்மா என்னமோ உளறுகிறாள் என்பார்கள். பெண்ணும் தோட்டாவும் வந்தால் அப்படித் தள்ளிவிட முடியாது.

இன்னொன்றும் எழுதத்தான் போகிறேன், கோபித்துக்கொள்ளுங்கள். காற்று வரும் பக்கம் நில்லுங்கள் என்றீர்கள். நின்றோம். காற்று வரும் பக்கம் கோரை இருக்கிறது, கோரைக்குள் துப்பாக்கி இருக்கிறது என்று நானே உங்களுக்கு எழுதியிருந்தேன். பிள்ளைகளை அதன் முன்னால் நிறுத்தச் சொல்லுகிறோம் என்று உங்களுக்குத் தோன்றவில்லையா? எனக்கும் தோன்றவில்லைதான். ஆனால் நான் அதற்காக ஒளிந்துகொள்ளவில்லை.

லூயிசா


தியாகராய நகர்
24-1-75

டீச்சரம்மாவுக்கு,

தோணல. சோளக்காட்டுல துப்பாக்கி கிடையாது. மேசையில சாக்குக்கட்டியால கோடு போடும்போது காத்தைப் போட்டேன், தண்ணியைப் போட்டேன், அந்த ஆளைப் போட மறந்துட்டேன். மூணு நாளா அந்த மேசையில துணி அளக்க முடியல எனக்கு. இசக்கிமுத்தை அளக்கச் சொல்லிட்டு நான் வாசலைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கேன். வாசல்ல ஒரு நிழல் விழுந்தாலும் எந்திரிச்சு நிக்கேன்.

நீங்க தைரியசாலி. நான் பயந்தாங்கொள்ளிதான். ஒத்துக்கிடுதேன். அது குத்தம்னா இருந்துட்டுப் போவுது.

தோட்டாவைக் கிணத்துல போட்டுட்டேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ரயில்ல சீதாவைத் திருநெல்வேலிக்குக் கூட்டிட்டுப் போயி அவ அத்தை வீட்டுல விடுதேன். படிப்பு கிடக்கட்டும். டீ.சி.க்கு அப்புறமா எழுதுதேன்.

பிள்ளை எங்ககிட்டப் பேசுதது இல்ல. காலையில மச்சுல ஏறி நின்னு, விரலை எச்சில் தொட்டு மேல தூக்கிக் காத்து எங்கருந்து வருதுன்னு பார்க்கா. அப்புறம் இறங்கி வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடுதா. அவ்வளவுதான்.

இனிமே எழுதாதீங்க.

வெள்ளைத்துரை


சேசு மரி சூசை

சாந்தோம்
27-1-75, திங்கள்

ஐயா,

எழுதாதே என்றீர்கள். இது ஒன்றுதான், பிறகு எழுதமாட்டேன்.

நீங்கள் கேட்டதைச் செய்துவிட்டேன்.

சனிக்கிழமை பெரியம்மா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்கள். எங்கள் தலைமை ஆசிரியையை நாங்கள் அப்படித்தான் சொல்வது. பறவைச் சங்கம் இன்றோடு கலைந்தது என்றார்கள். யார் சொல்லி என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "உன் அம்மாவுக்கு உன் சம்பளத்தை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள் லூயிசா" என்றார்கள்.

நேற்று பூசைக்குப் போய்விட்டு வருகிறோம், கேட்டில் ஒரு தாரா தொங்குகிறது. கழுத்தில் சணல். அம்மா யாரோ அன்போடு கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்து உள்ளே எடுத்துவந்து, மிளகு அரைக்கட்டுமா என்று கேட்டார்கள். நான் போய்க் கேட்டைத் தாழிட்டேன். உங்களைப் பயந்தாங்கொள்ளி என்று நான் மனசுக்குள் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன் தெரியுமா. பயம் வந்து கேட்டில் தொங்கும்வரைக்கும் நான் தைரியசாலியாகத்தான் இருந்தேன்.

இன்று காலை ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்தேன். நான் அங்கே போய்ச் சேர்வதற்குள் எல்லாம் நடந்துவிட்டது, நான் யாரையும் பார்க்கவில்லை, அசோக் நகர்ப் பெண் யாரும் அங்கே வரவில்லை என்று. கையெழுத்தும் போட்டேன். அங்கிருந்த ரைட்டர் வாங்கிப் படித்துவிட்டுச் சிரித்தார். ஏன் சிரித்தார் என்று தெரியவில்லை.

வருகிற வழியில் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. இனி எந்த முகத்தோடு போவேன்.

சீதா பத்திரமாக இருக்கட்டும்.

லூயிசா


முருகன் துணை

அசோக் நகர்
27-1-75

டீச்சரம்மாவுக்கு,

எழுதாதீங்கன்னு சொன்னவனே எழுதுதேன். எல்லாம் தலைகீழா ஆயிட்டு.

நேத்து சாயங்காலம் எழும்பூர் ஸ்டேஷன். பெட்டி, படுக்கை, கட்டுச்சோறு எல்லாம் தயார். வண்டி வர நேரம் இருந்துது. நான் பிளாட்பாரத்துல முன்னால பின்னால பார்த்துக்கிட்டே இருக்கேன், எந்த வேட்டி சட்டையைப் பார்த்தாலும் அவனா இருக்குமோன்னு. சீதா பெட்டி மேல உக்காந்திருந்தா. ஒரு வாரமாப் பேசாத பிள்ளை பேசினா.

"அப்பா, அவன் கடைக்கு வந்து தகரம் தட்டினான். நாம ஓடுதோம். நாம இந்தப் பக்கம்தான் ஓடுவோம்னு அவனுக்கு முன்னாலயே தெரியும்."

அவ்வளவுதான் சொன்னா. கோபமாக்கூடச் சொல்லல. கணக்குப் பாடத்துக்கு விடை சொல்லுத மாதிரி சொன்னா.

எனக்கு உச்சியில அடிச்ச மாதிரி இருந்துது. நான் பட்டணத்துக்கு வந்ததே ஓடித்தான். யாரு கண்ணை உருட்டினாலும் விலையைக் குறைச்சுக் குடுத்துட்டு ஒதுங்கிப் போறவன் நான். ஒதுங்கி ஒதுங்கி எங்க வந்து சேர்ந்திருக்கேன்னு அப்பத்தான் பார்த்தேன். எம்பிள்ளைக்குப் பதிலா ஒரு பிள்ளைக்குக் கண்ணு போயிருக்கு, நான் கட்டுச்சோத்தோட ரயிலுக்குக் காத்துக்கிட்டு நிக்கேன்.

வண்டி வந்துது. நாங்க ஏறல. பெட்டி படுக்கையோட டாக்ஸி பிடிச்சு நேரா போலீஸ் ஸ்டேஷன். குடியரசு தினம், கொடியை இறக்கிக்கிட்டு இருந்தாங்க. தோட்டாவைக் கிணத்துல போட்டேன்னு எழுதினேன்ல, போடல. கிணத்து மேட்டுல நின்னேன், கை வரல. கல்லாவுக்கு அடியில மறைச்சு வச்சிருந்தேன். பெட்டியில வச்சு ஊருக்குக் கொண்டுபோயிப் புதைக்கலாம்னு இருந்தேன். அதை எடுத்து மேசையில வச்சேன். அது உருண்டு கீழ விழுந்து, சீதாதான் குனிஞ்சு எடுத்து வச்சா.

முதல்ல விரட்டப் பார்த்தாங்க. நாங்க பெஞ்சுல உக்காந்துட்டோம். எந்திரிக்கத்தான் எனக்குப் பலமில்ல, அதைத் தைரியம்னு நினைச்சிட்டாங்க போல. கடைசியில எழுதினாங்க. சீதா எல்லாத்தையும் சொன்னா. டீச்சர் என் கையைப் பிடிச்சிட்டு நின்னாங்க, ரெண்டு பேரும்தான் அந்த ஆளு மூஞ்சியைப் பார்த்தோம்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கா. நானும் போட்டிருக்கேன். இனிமே உங்களைக் கூப்பிட்டுக் கேப்பாங்க. நீங்க சொன்னா கேஸு நிக்கும்.

ராத்திரி முழுக்கத் தூங்கல. இப்பவும் பயமாத்தான் இருக்கு. ஆனா சீதா சாப்பிட்டா.

வெள்ளைத்துரை


சாந்தோம்
28-1-75

ஐயா,

உங்கள் கடிதமும் என் கடிதமும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. இந்நேரம் என்னுடையதைப் படித்திருப்பீர்கள்.

ரைட்டர் ஏன் சிரித்தார் என்று இப்போது புரிகிறது. நீங்களும் சீதாவும் முந்தின நாள் எழுதிக் கொடுத்த காகிதம் அவர் மேசையிலேயே இருந்திருக்கிறது. அதன்மேல் நானே என் கையால் பொய்யை வைத்துவிட்டு வந்திருக்கிறேன். இனி சீதா பொய்க்காரி ஆவாள், அல்லது நான் ஆக வேண்டும். இல்லாததை எழுதிக் கொடுத்ததற்கு என்னையே உள்ளே தள்ளலாம் என்கிறார் எங்கள் தெரு வக்கீல் குமாஸ்தா. வேலை போகும். அம்மா மாடிப்படி ஏற முடியாதவர்கள். இதையெல்லாம் நான் உங்களுக்கு எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

நான் யோசிக்க வேண்டும். கொஞ்சம் நாள் கொடுங்கள். ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்ல முடிகிறது, எனக்குப் பயமாக இருக்கிறது. நேற்றிலிருந்து கேட்டைத் திறக்கவில்லை.

லூயிசா


தியாகராய நகர்
29-1-75

டீச்சரம்மாவுக்கு,

உங்க ரெண்டு கடுதாசியும் வந்துது. இன்னைக்கு ஸ்டேஷன்ல கூப்பிட்டு உங்க கையெழுத்தையும் காட்டினாங்க. "டீச்சரே இல்லேங்கிறாங்க, உங்க பொண்ணு சினிமா நிறையப் பார்க்குமா"ன்னு கேட்டாங்க. நாளைக்குக் காலையில சீதாவை மறுபடி கூட்டிட்டு வரச் சொல்லிருக்காங்க. "பெரியவரா லட்சணமா வாபஸ் வாங்கிட்டுப் போங்க, இல்லேன்னா பொய்க் கேஸு குடுத்ததா ஆயிரும்"னு சொல்லுதாங்க.

நான்தான் உங்களைக் கெஞ்சினேன், சீதா வரலன்னு சொல்லச் சொல்லி. அதனால உங்களைக் குத்தம் சொல்ல எனக்கு வாயில்ல. உங்களை வாங்கன்னும் சொல்லல. அம்மா இருக்காங்க, உத்தியோகம் இருக்கு. பயம் எப்படி இருக்கும்னு எனக்குச் சொல்லித் தர வேண்டாம்.

சீதாகிட்ட உங்க கடுதாசியைக் காட்டினேன். கோபப்படுவான்னு நினைச்சேன். படிச்சிட்டு, "டீச்சர் காசியம்மாவைத் தூக்கத்தான்ப்பா என் கையை விட்டாங்க"ன்னா. அதையே ரெண்டு மூணு தடவை சொன்னா. அதுக்கு என்ன அர்த்தம்னு நீங்க பார்த்துக்கிடுங்க.

நேத்து அவ காசியம்மாவைப் போயிப் பார்த்துட்டு வந்தா. முத்துலட்சுமியும் கூடப் போனா. குப்பத்துப் பிள்ளைங்க ஞாயித்துக்கிழமை தகரம் தட்டப் போனாங்களாம். யாரும் கூப்பிடல, அதுகளே போயிருக்கு. ஜீப்பு வரலையாம். அதுக்கு இனிமே தாரா வேண்டாம், நாமதான் வேணும். அது இப்பம் கடைக்கு எதித்தாப்புல நிக்குது. காலையிலருந்து நிக்குது. உள்ள ஆளு இருக்கா இல்லையான்னு தெரியல. வந்த கிராக்கி எல்லாம் அதைப் பார்த்துட்டு அடுத்த கடைக்குப் போவுது.

நாளைக்குக் காலையில கடையைத் திறந்து சாமி கும்பிட்டுட்டுப் புறப்படுவோம். நடந்துதான் போறோம். எனக்கு என்னமோ இந்தத் தடவை டாக்ஸியில ஒளிஞ்சு போகக் கூடாதுன்னு இருக்கு.

வெள்ளைத்துரை


30-1-75, காலை

அண்ணாச்சி,

இதை இசக்கிமுத்துவிடம் உள்ளே கொடுத்து அனுப்புகிறேன். தபாலில் போட்டால் நாளைக்குத்தான் வரும், அதற்குள் எனக்கு மனசு மாறிவிடும். நேரில் சொல்ல உள்ளே வந்தால் அங்கேயே உட்கார்ந்துவிடுவேன்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அந்தத் தாரா அன்பளிப்பு இல்லை என்பதையும். கொஞ்ச நேரம் ஜெபமாலையை உருட்டிவிட்டு, "அப்படியானால் கேட்டைத் திறந்து வைத்துவிட்டுப் போ, பால்காரன் வருவான்" என்றார்கள்.

என் கையெழுத்தை நானே பொய் என்று சொல்லப்போகிறேன். பிறகு என்ன செய்வார்களோ செய்யட்டும்.

உங்கள் கடை வாசலில் நிற்கிறேன். ஜீப் எதிரில்தான் நிற்கிறது. அதற்குள் அவர் இருக்கிறார், பார்த்துவிட்டேன், இந்தத் தடவை நான் வணக்கம் சொல்லவில்லை. சீக்கிரம் வெளியே வாருங்கள். சீதாவை என் பக்கம் விடுங்கள், நான் கையைப் பிடித்துக்கொள்கிறேன்.

லூயிசா